ஸ்டேஷனில் நிறுத்தப்பட்ட ஐந்தாவது ஆள்

இன்று காலை யானைக்கவுனியில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டின் அட்டையைப் பார்த்தேன். ஒரே மாதிரிக் கோட்டு போட்ட நான்கு வெள்ளைக்காரப் பையன்கள், பின்னால் துறைமுகக் கிரேன். கையில் எடுத்ததுமே உன் குரல் கேட்டது: "நாலு பேரு இல்ல மாமு, அஞ்சு பேரு."

நீ துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தாய். கப்பல்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டாய். இங்கிலாந்தில் இருந்த அவர்களுடைய ரசிகர் மன்றத்துக்கு எழுதிப் போட்டு, தட்டச்சு செய்த தாள்களை வரவழைத்தாய். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து, ராயபுரத்தில் நாம் ஒத்திகை பார்த்த தகரக் கொட்டகையில் எங்களுக்குச் சொல்வாய்.

அறுபதுகளின் தொடக்கம். அவர்களுடையதும் துறைமுக ஊர்தான். அப்பாக்கள் மூட்டை தூக்கியவர்கள். குழுவைத் தொடங்கியவன், பெயர் வைத்தவன், தன் வீட்டு முன்னறையை ஒத்திகைக்குக் கொடுத்தவன் எல்லாம் ஒருவனே. ஆர்கன் வாசிப்பவன். லண்டனில் இருந்து இசைத்தட்டுக் கம்பெனி கூப்பிட்டது. ஆர்கன் வேண்டாம், கிட்டார்தான் இப்போது விற்கிறது என்றது. மற்ற நால்வருக்கும் அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. கிளம்புவதாக அவனிடம் சொல்லியிருந்த நாளுக்கு முதல் நாளே ரயில் ஏறிவிட்டார்கள். மறுநாள் அவன் பெட்டியோடு ஸ்டேஷனில் வந்து நின்றான்.

இந்த இடம் வந்தால் தாளை மடித்துவிடுவாய். "வேணாம்னது கூட பரவால்ல மாமு. ஸ்டேஷன்ல நிக்க வெச்சானுங்க பாரு, அதான் தாங்கல."

நீ டிரம்ஸ், நான் கிட்டார், ஸ்டீபன் பாட்டு, அவன் தம்பி கீபோர்டு. ஆறு வருஷம் கல்யாணங்களிலும் மாதா கோயில் திருவிழாக்களிலும் வாசித்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கேசட் கம்பெனி நம்மைக் கூப்பிட்டது. டிரம்ஸுக்கு ஆள் வேண்டாம், மெஷின் இருக்கிறது என்றது.

"உன் தோஸ்து தானே, நீயே சொல்லிடு" என்றான் ஸ்டீபன்.

மூன்று நாள் உன் வீட்டு வாசல்வரை வந்து திரும்பினேன். நான்காம் நாள் நீயே எதிரில் வந்தாய். "இன்னா மாமு, ரெகார்டிங் எப்போ?"

"தள்ளிப் போட்டுட்டாங்க" என்றேன். நாக்கு கூசவில்லை. அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவுக்காரருக்குப் பின்னால் நீ. ஷிப்டு முடித்த காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. என்னைத் தேடி வீட்டுக்குப் போயிருக்கிறாய். "பாட்டு பதியப் போயிருக்கான், நீ போகலையாப்பா?" என்று கேட்டு, அம்மாவே விலாசச் சீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

விரல் வியர்த்துக் கம்பியில் வழுக்கியது. மெஷின் தட்டிக்கொண்டே போனது. நான் தப்புக்கு மேல் தப்பு வாசித்தேன். மூன்று முறை திரும்ப எடுத்தார்கள். மூன்று முறையும் பதிவு கெட்டுவிடக்கூடாது என்று நீ மூச்சுக்கூட விடாமல் நின்றாய். சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவைத் திறந்தாய். ஸ்டீபன் சுவரோரம் ஒதுங்கினான். அடிக்கப்போகிறாய் என்றுதான் நினைத்தேன்.

"கத தெரிஞ்சுமா மாமு?"

மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "அது பாட்டுக்குப் போய்கினு கீது. நீ பின்னால ஓடிகினு கீற. மொதல்ல அத்தக் கேளு, அப்பால வாசி."

போய்விட்டாய். அடுத்த முறை சரியாக வந்தது. அதுதான் கேசட்டில் இருக்கிறது. நான் அதைக் கேட்பதில்லை.

ஐந்து மாதம் கழித்துத்தான் துறைமுக கேட்டில் வந்து உன் எதிரில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, அந்த மிஷின நானே தூக்கினு வந்து வெச்சிருப்பேன்" என்றாய். டீ வாங்கிக் கொடுத்தாய். ஆர்கன்காரன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டேன்.

"கிரேன் ஓட்னான். அந்த நாலு பேரும் மூணே வருஷத்துல பிரிஞ்சுட்டானுங்க. ஒருத்தன்கூட அவன் வூட்டாண்ட போவல." கிளாஸைக் கீழே வைத்தாய். "நீ வந்துட்ட."

அதற்குப் பிறகு பேசிக்கொண்டோம். சேர்ந்து வாசிக்க மட்டும் நீ ஒப்புக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போன வருஷம் மூலக்கொத்தளம் இடுகாட்டில் உனக்கு மண் போட்டேன்.

நான் இப்போது எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். போன மாதம் ஒப்பந்த ஆட்கள் ஒன்பது பேரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், முடியவில்லை. பட்டியலை வாசலில் ஒட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் ஒட்டவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். விலக்க வந்த காவலாளியைப் போகச் சொல்லிவிட்டு, அவர் தானாகக் கையை எடுக்கும்வரை அங்கேயே நின்றேன்.