மூச்சு வாங்கும் இடம்

என் அன்பு நைனாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷப் படையல். என்னென்ன வைக்கப்போகிறேன் என்று அம்மா முந்தாநாள் போனில் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு, மசால் வடை, நீ கடைத்தெருவில் நின்றுகொண்டே குடிக்கும் சுக்கு காபி. கடைசியாக ஒன்று சொன்னாள். "அந்த மூச்சு வுடாம பேசறவன் பாட்டு கீதே, அத்தயும் எடுத்துகினு வா. உங்க நைனா படத்துக்கு முன்னாடி போடணும்."

கேசட் தேய்ந்துபோச்சும்மா என்றேன். தேயவில்லை நைனா. பெட்டியில் துணிக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. நீ போன பிறகு நான் அதைத் தொடவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, அதை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த நாள்? ஹாஸ்டல் தோழி கொடுத்தது. நீ தறியில் இருக்கிறாயே என்று சத்தத்தைக் குறைத்துத்தான் போட்டேன். அப்படியும் உன் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா பாப்பா, யாரத் திட்டறான் இவன்?"

திட்டவில்லை, இதுவும் பாட்டுதான், ராப் என்று பேர் என்றேன். ராகத்தைக் காணோமே என்றாய். பிறகு தறியில் ஓடுகிற நாடாவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாய். "இரு, எங்க மூச்சு வாங்கறான்னு பாக்கறேன்."

உனக்குத்தான் அது தோன்றும். கொஞ்ச நேரம் தறி மிதித்தாலே இழுப்பு வந்து, தறியில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். ஒருவன் இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் கொட்டுவது உனக்கு வித்தையாக இருந்தது. ரீவைண்ட் பண்ணச் சொல்லிக் கண்டுபிடித்தாய். "தோ, இங்க வாங்கினான். கள்ளன், யாருக்கும் தெரியாம வாங்கறான்." சிரித்ததில் உனக்கு இருமல் வந்துவிட்டது. ராட்டையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா நம் இரண்டு பேரையும் திட்டினாள்.

அர்த்தம் கேட்டாய். எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். மழைக்கு ஒழுகுகிற வீடு. மீசை முளைக்கும் முன்பே செத்துப்போன கூட்டாளிகள். பிறர் வீட்டில் வேலை செய்து இவனை வளர்த்த அம்மா. பிறகு, "அந்தம்மா இப்ப நல்லா கீதா?" என்றாய். எனக்கு எப்படித் தெரியும் நைனா?

திரும்பத் திரும்ப ஒன்று சொல்கிறானே, அது என்ன என்று கேட்டாய். 'என் மூச்சு இன்னும் இருக்கிறது' என்கிறான் என்றேன். அது உனக்குப் பிடித்துவிட்டது.

அந்த வரியை நான் வேறு மாதிரி வைத்திருந்தேன். கல்லூரி வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷில் பேசுவார்கள். என் பேரைக் கூப்பிட்டால் வருகை சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் ஹாஸ்டல் குளியலறையில் நின்று அந்த வரியை முணுமுணுத்துவிட்டுத்தான் போவேன். அவன் எனக்காகவே பாடுகிறான் என்று நினைத்தேன். கஷ்டம் என்றால் என் கஷ்டம்தான். இழுப்பு என்றால் என்னவென்றே தெரியாத நெஞ்சோடு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தறிக்குழியில் காலை விட்டு, என்னைப் படிக்கவைக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த வரி எவ்வளவு பொருந்தும் என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா?

டிகிரி முடித்து சென்னையில் வேலைக்கு வந்த பிறகு ஞாயிறுதோறும் எதிர் வீட்டுக்குப் போன் போடுவேன். நீ தெருவைத் தாண்டி வந்து எடுப்பாய். "எப்டி கீற நைனா?" என்பேன். "இன்னும் மூச்சு கீது பாப்பா" என்பாய். இரண்டு பேரும் சிரிப்போம். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும், ஒரு வாரத்துக்கு எனக்கு நிம்மதி.

கடைசியாகப் பேசிய அன்றும் அதையேதான் சொன்னாய். ஆனால் நான் கேட்டதற்கும் நீ சொன்னதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. நான் எஸ்.டி.டி. பூத்தில் ஓடுகிற சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு, உன் வேடிக்கைப் பேச்சுக்காகக் காத்திருந்தேன். வந்ததும் சிரித்தேன். அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டதற்கு, வேலை கெட்டுப்போகும், பொங்கலுக்கு வந்தால் போதும் என்றாய். நானும் சரி என்றேன். கார்த்திகை முடிவதற்குள் எதிர் வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்துவிட்டது.

ஒருவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று பார்க்க எனக்குக் கற்றுத்தந்ததே நீதான். உன் மூச்சை மட்டும் நான் எப்படிக் கேட்காமல் விட்டேன்? இன்னும் மூச்சு இருக்கிறது என்று சொல்கிறவன் பாட்டை எந்தக் கையால் உன் படத்துக்கு முன்னால் போடுவேன்?

இன்று காலை பூத்திலிருந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். கேசட் தேயவில்லை, போட மனசு வரவில்லை என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எதிர் வூட்டுப் படியில குந்திகினு இழுப்பு அடங்கின பொறவுதான் போன் எடுப்பாரு. பாப்பாவுக்குத் தெரியக் கூடாதாம். கேட்டா, அந்தப் பாட்டுக்காரங்கிட்ட கத்துகினேன்னு சொல்லுவாரு."

இதைக் கேட்டு என் மனசு லேசாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கனம்தான் கூடியது. யாருக்கும் தெரியாமல் மூச்சு வாங்கத் தெரிந்த நீயே கடைசி அன்று மறைக்க முடியாமல் போயிருக்கிறாய். அந்த இடைவெளி மட்டும்தான் எனக்குக் கேட்கக் கிடைத்தது. அதையும் தவறவிட்டேன்.

"நீ எப்டி கீறம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்" என்றாள். நான் போனை வைக்கவில்லை. எண் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னாடி, பேசாத கீற?" என்று கேட்டாள். முழங்கால் வலியில் நேற்று ராட்டையில் உட்காரவில்லை என்று பிறகுதான் சொன்னாள்.

கேசட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் நைனா. உன் படத்துக்கு முன்னால் சத்தமாகவே போடுகிறேன். அவன் திருட்டுத்தனமாக மூச்சு வாங்கும் இடம் வரும்போது, நீ செய்தது போலவே நிறுத்தி, அம்மாவுக்குக் காட்டுகிறேன்.

பாட்டுக்கு அர்த்தம் சொன்ன உன் பாப்பா,
தமிழ்ச்செல்வி