நாலாம் மாடியிலிருந்து ஒரு வலசை

தியாகராய நகர்
18.8.2025

மாப்பிள்ளை அசோகன் அவர்களுக்கு,

நலம். அங்கும் நலமென நினைக்கிறேன். போனில் பேசினால் என் தங்கச்சி பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கல்லூரி விலாசத்துக்குக் கடிதம்.

வேளச்சேரி மூழ்கிய வருஷம் நீங்களும் தங்கபுஷ்பமும் முட்டளவு தண்ணீரில் நடந்து வந்து என் மாடியில் தங்கினீர்கள். நியாயம். அடுத்த வருஷம் மழை தொடங்கியதும் வந்தீர்கள். அதற்கப்புறம் மேகத்தைப் பார்த்ததும். போன வருஷம் வெயில் கொளுத்தும்போதே கிரைண்டரோடு வந்து இறங்கினாள். நீங்கள் தரைத்தளத்தை விட்டு அதே கட்டடத்தில் நாலாம் மாடிக்குப் போய் இரண்டு வருஷமாகிறதாமே? உங்கள் வாட்ச்மேன் உளறிவிட்டான். நாலாம் மாடிக்கு எந்த வெள்ளம் வரும், மாப்பிள்ளை?

என் மாடியை ஏர்கூலர் வியாபாரி அக்பர் பாஷா குடோனுக்குக் கேட்கிறார். கொடுக்கப்போகிறேன். இந்த வருஷம் வர வேண்டாமென்று அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சுயம்புலிங்கம்

வேளச்சேரி
24.8.2025

மச்சானுக்கு வணக்கம்.

நான் பாடும் பறவைகளை ஆராய்கிறவன். பக்குவமாகச் சொல்லும் படிப்பு எனக்கில்லை.

ஒரே கூட்டத்தில் சில குருவிகள் குளிருக்குப் பயந்து கொஞ்ச தூரம் போகும், சில போகாது. குளிர் கடுமையானால் போனவை பிழைக்கும். அந்தக் குணம் குஞ்சுக்கும் வரும். தலைமுறைகள் போகப்போக தூரம் கூடும், குளிர் வருமுன்பே கிளம்பும் பழக்கமும் வரும். கூண்டில் அடைத்துத் தீனி போட்டாலும், பருவம் வந்தால் போக வேண்டிய திசையைப் பார்த்துத் துள்ளும்.

உங்கள் தங்கை இப்போதே துள்ளுகிறாள். பால்கனியில், தி. நகர் பக்கம் பார்த்து.

அன்புடன்,
அசோகன்

தியாகராய நகர்
29.8.2025

மாப்பிள்ளைக்கு,

பாடம் புரிந்தது. ஆனால் குருவி யாருடைய வாடகையையும் கெடுப்பதில்லை.

ஒன்று கேட்கிறேன். போகிற இடத்தில் தீனி குறைந்தால் இந்தக் குணம் நிற்குமா? ஒருவேளை வந்துவிட்டால் காலை மாலை வெறும் உப்புமா போடு என்று வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன். "நாத்தனாருக்கு உப்புமாவா? அவ வாய்க்கு யாரு பதில் சொல்றது? நீங்களே கிண்டிப் போடுங்க" என்கிறாள்.

சுயம்புலிங்கம்

வேளச்சேரி
4.9.2025

மச்சானுக்கு,

நிற்கும். ஆனால் சில தலைமுறைகள் ஆகும். உப்புமாவால் ஒரே வருஷத்தில் முடியாது.

நேற்று குடோன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று கதவோரமாக நின்றுகொண்டேன். கத்தவில்லை. "அண்ணன் சம்பாதிச்ச வீடு, யாருக்கு வேணா குடுக்கட்டும்" என்றாள். கட்டி வைத்த பையை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.

இங்கே லிஃப்டில் வருகிறவர்கள் போனைப் பார்த்தபடி ஏறி, பார்த்தபடியே இறங்குகிறார்கள். அவளுக்குச் சண்டைக்கு ஆளில்லை. என்னைத் திட்டினால் நான் திருப்பித் திட்டுவதில்லை. அது அவளுக்குப் போதவில்லை, மச்சான்.

அசோகன்

தியாகராய நகர்
10.9.2025

மாப்பிள்ளைக்கு,

அக்பர் பாஷாவிடம் பேசி முடித்துவிட்டேன். தையில் சாவி கொடுப்பேன், புரட்டாசி கடைசியில் காலி செய்ய வேண்டும். வருஷா வருஷம் அப்படித்தான்.

"மழையில கூலர் யாரு வாங்கப்போறா, எனக்கு ஓகே. ஆனா மூணு மாசம் மாடிய சும்மா வச்சிக்கினு இன்னா பண்ணுவ அண்ணாச்சி?" என்றார்.

"பறவை வரும்."

"இன்னா பறவை?"

"சண்டைக்காரப் பறவை."

மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் தங்கபுஷ்பத்திடம் சொல்லிவிடாதீர்கள். ஐப்பசி பிறந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டி வாருங்கள். "இப்ப எதுக்கு வந்தே?" என்று நான் வாசலிலேயே கத்துவேன். நீங்கள் குறுக்கே வர வேண்டாம். சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தால், அண்ணனுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவாள்.

சுயம்புலிங்கம்