சத்தமில்லாத வகுப்பு

என் கூடப் பிறந்த அம்மிணி மாராத்தாளுக்கு,

நீ எங்கே இருந்தாலும் நோவு நொடி இல்லாமல் இரு. இங்கே நாங்கள் இருக்கிறோம். நம்ம ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது. கிணற்றில் மோட்டார் போட்டாகிவிட்டது. தண்ணீர் இறைத்த மாடுகள் இரண்டும் வேலை இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கரண்ட் வந்ததில் இருந்து உன் அண்ணி தங்கமணி சாயங்காலம் ஆனால் ரேடியோவை விட்டு எழுந்திரிப்பதில்லை. சோறு குழைந்துபோனாலும் பாட்டுக்காரன்மேல்தான் பழி.

இதை நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஈஸ்வரி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியாததா? நான் பேசுகிறபடியே எழுது என்றால், "அதெல்லாம் எழுத்துல நல்லா இருக்காதுங்க மாமா" என்று புத்தகத்தில் இருக்கிற மாதிரி மாற்றிக்கொள்கிறாள். நான் சொல்லாததையும் சேர்க்கிறாளோ என்று ஒரு சந்தேகம். முடித்த பிறகு மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அதைச் சொன்னதும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அதையும் எழுதுகிறாள்.

நீ படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "எம் புள்ளையப் பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சுப்போடுங்கண்ணா." சரி என்றேன். ஏழாவது வரைக்கும் தொந்தரவு இல்லை, பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். எட்டாவதுக்குத்தான் வந்தது வினை. நீ போன பிறகு நம்ம பக்கத்திலேயே ஒரு கேரளா கவர்மெண்ட் ஹைஸ்கூல் வந்துவிட்டது, அம்மிணி; மலையாளத்துக்கு ஒரு டிவிஷன், நம்ம தமிழுக்கு ஒரு டிவிஷன். ஒன்றும் இல்லாதபோது யோசனையும் இல்லை. வந்த பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று பார்க்கவேண்டி வந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காதவன் பள்ளிக்கூடத்தை எப்படி நிதானிப்பது? சட்டி பானை என்றால் தட்டிப் பார்க்கலாம். நீதான் சொல்வாயே, "எங்கண்ணன் சாமியக் கும்புடறதுக்கு முன்னாடியும் ஒருக்காத் தட்டிப் பாத்துப்போட்டுத்தான் கும்புடும்" என்று. பொள்ளாச்சிச் சந்தையில் நான் ஒருநாளும் சந்தையன்றைக்கு மாடு பிடித்ததில்லை. சந்தையன்றைக்குக் கொம்புக்கு எண்ணெய் தடவியிருப்பான், தவிட்டில் உப்பைக் கலந்து கொடுத்துத் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றை நிறைத்திருப்பான். முந்தின நாளே மாட்டுக்காரன் ஊருக்குப் போய், கட்டுத்தறியில் வைத்துப் பார்த்துவிடுவேன். மாட்டுக்கு அந்தப் புத்தி போதும். இதற்கு?

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஒரு வாத்தியார் சைக்கிளில் வீடு வீடாக வந்தார். ராமசாமி சார் என்று பேர், தமிழ் டிவிஷனுக்கு வாத்தியார். "ஏனுங்ணா, புள்ளைய நம்ம ஹைஸ்கூல்லயே சேத்துப்போடுங்க" என்றார். மோர் கொடுத்தேன். குடித்தார். மறுபடியும் அதையே சொன்னார். கடைக்காரன் வீட்டுக்கு வந்து சரக்கு விற்கிறான் என்றால் சரக்கில் என்னமோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"எதுக்குங்க இப்படி அலையறீங்க? புள்ளைக சேராட்டி உங்க வேலைக்கு ஏதாச்சும் வந்துருமுங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆமாங்ணா. பள்ளிக்கூடம் தொறந்த பொறகு மேலிருந்து வந்து தலை எண்ணுவாங்க. கொறைஞ்சா தமிழ் டிவிஷனை எடுத்துப்போடுவாங்க. என்ற வேலையும் போவும், மிச்சமிருக்கற புள்ளைக மலையாள டிவிஷன்ல போய் முழிச்சுட்டு உக்கோரோணும்."

ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. பொய் சொல்லி ஏமாற்றுகிறவனை நமக்குத் தெரியும். உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிறவனை என்ன செய்வது?

இன்னொரு பக்கம் உன் நாத்தனார் பாவாத்தாள். எல்லை தாண்டிக் கிணத்துக்கடவுப் பக்கம் அவள் ஊருக்குப் பக்கத்தில் பழைய ஹைஸ்கூல் இருக்கிறது, எல்லாமே தமிழ். "எங்கூட்டுல இருந்து படிக்கட்டும் மச்சான், எம் பொறந்தவன் புள்ளைய நான் பாக்காம யாரு பாப்பா?" என்று சொல்லியனுப்பினாள். அவளுக்குக் கல்யாண வயசில் ஒரு மகன் இருக்கிறான் என்பதை நான் மறப்பேனா? உன் வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்றால், இடுக்கி அணைக்கட்டு வேலைக்குப் போனவர் அது முடிந்து இப்போது கம்பம்மெட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தவரிடம் கேட்டேன். "நீங்க பாத்துச் செய்யுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கையில் கொடுத்தார். அந்த ஏலக்காய் மட்டும் நல்ல வாசம், குறை சொல்லக்கூடாது.

கடைசியில் இங்கேயே சேர்த்தேன். பார்ப்போம், சரியில்லை என்றால் அத்தை வீடு இருக்கவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள், யாருக்கும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆடு காணோம் என்று சாக்கு. ஜன்னல் ஓரமாகவே நடந்தேன். முதலில் இருந்த வகுப்பை எட்டிப் பார்த்தேன். ஒரே கூச்சல். பெரிய பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் மறித்து மறித்துப் பேசுகிறார்கள், ஒருத்தி எழுந்து நின்று கையை ஆட்டுகிறாள், ராமசாமி சார் நடுவில் நின்று சிரிக்கிறார். இந்தச் சந்தைக்கா வீடு வீடாக வந்து ஆள் பிடித்தாய் என்று மனசுக்குள் திட்டினேன்.

அடுத்தது நம்ம ஈஸ்வரியின் வகுப்பு. அம்மிணி, ஊசி விழுந்தால் கேட்கும். போர்டு நிறைய எழுத்து. அத்தனை பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் எழுதுகின்றன. ஒரு இருமல் இல்லை. அங்கே இருந்த வாத்தியார் கேசவன், திருச்சூர்ப் பக்கத்து ஆள், மலையாள வழக்கப்படி மாஷ் என்று கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்துவிட்டு, "எந்தா? ஆரெயா நோக்குன்னெ?" என்று கேட்டார். யாரைத் தேடுகிறாய் என்கிறார். ஆடு என்றேன். "ஆடு இவிட படிக்குன்னில்லா" என்றார். ஆடு இங்கே படிக்கவில்லையாம். பிள்ளைகள் அதற்கும் சிரிக்கவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு என்று எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து தங்கமணியிடம் பணியாரம் சுடச் சொன்னேன். "ஆட்டையே காணோமுன்னு போனவரு பணியாரம் கேக்கறாரு" என்று அவள் முனகினாள். ஈஸ்வரி வந்ததும் சொன்னேன், "உங்க வகுப்பு மாதிரி ஒரு வகுப்ப நான் பாத்ததில்ல கண்ணு. என்ன அடக்கம்!"

"எப்பங்க மாமா வந்தீங்க?"

"மழை பேஞ்சுட்டு இருக்கையில. கேசவன் மாஷ் இருந்தாரே."

அவள் பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அது சயின்ஸ் வகுப்புங்க மாமா. அந்தச் சாருக்குத் தமிழ் வராது. சொல்றது எங்களுக்கு அரையுங்குறையுமாத்தான் புரியுது, போர்டுல எழுதறது மலையாள எழுத்து, சுத்தமாத் தெரியாது. என்னன்னு கேக்கறது? பாத்து வரைஞ்சுட்டு வர்றோம்."

"வரையறீங்களா, எழுதறீங்களா?"

"வரையறதுதானுங்க மாமா. என்ன எழுத்துன்னு தெரிஞ்சாத்தான எழுதறது."

பக்கத்து வகுப்பில் ஏன் அத்தனை கூச்சல் என்று கேட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கிணறு வற்றினால் நம்ம பக்கத்துக் கிணறும் வற்றுமா என்று ராமசாமி சார் கேள்வி போட்டாராம். அதற்குத்தான் அந்தச் சண்டை. நானே பதில் சொல்லியிருப்பேன் போ.

எனக்கு அன்றைக்குப் பணியாரம் இறங்கவில்லை. முட்டுகிற மாட்டுக்குச் சாராயத்தை ஊற்றிச் சந்தையில் நிறுத்தினால் அது சாதுவாக நிற்கும். சத்தமே போடாமல் நிற்கிற மாட்டை நான் ஒருநாளும் தொட்டதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போனது? ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து பணியாரம் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் ராமசாமி சாரை வழியில் மடக்கினேன். "சயின்ஸுக்குத் தமிழ் தெரிஞ்ச ஆளு இல்லைன்னு ஏனுங்க சொல்லலை?"

"சொல்லியிருந்தா சேத்தியிருப்பீங்களாங்ணா?"

"சேத்தியிருக்க மாட்டேன்."

"அதுதானுங்க சொல்லலை."

கேசவன் மாஷும் அங்கேதான் நின்றார். அவர் முகம் சுண்டிவிட்டது. "குட்டிகள் மிண்டாதெ இரிக்கும்போ, நல்ல குட்டிகளென்னு ஞானும் விசாரிச்சு" என்றார். பிள்ளைகள் பேசாமல் இருப்பதைப் பார்த்து, நல்ல பிள்ளைகள் என்று அவரும் நினைத்துக்கொண்டாராம். கவர்மெண்ட் இங்கே அனுப்பியது, வந்தார். தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் தெரியாதவரை அனுப்பிய புண்ணியவான் யாரோ, அவரை எங்கே போய் மடக்குவது? அந்த மனுசனிடம் எனக்குக் கோபம் வரவில்லை. நம்பிக்கையும் வரவில்லை.

அந்த வேகத்தில் பாவாத்தாளுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். மகளையும் கூட்டிக்கொண்டு, வண்டி கட்டி அடுத்த நாளே வந்துவிட்டாள். இத்தனை சீக்கிரம் எதற்கு என்று அப்போதே உறுத்தியது. ராமசாமி சாரும் தகவல் தெரிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஈஸ்வரி போனால் அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பிள்ளைகளும் போகும். அப்புறம் அடுத்த வருஷத் தலை எண்ணிக்கையில் டிவிஷனே இருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

பாவாத்தாள் ஈஸ்வரியின் தலையைத் தடவினாள். "வர்றியா கண்ணு அத்தைகூட?"

ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு சொல் இல்லை.

"பாருங்க மச்சான், எவ்வளவு அடக்கம்! புள்ளைக்குச் சம்மதம். பெட்டியக் கட்டச் சொல்லுங்க."

தங்கமணி பெட்டியை எடுக்க உள்ளே திரும்பிவிட்டாள். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மிணி. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். ஜன்னல் வழியாக நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே தலைதானே?

"கண்ணு, குனியாத. வாயத் தொறந்து சொல்லு. திட்ட மாட்டேன்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். அப்புறம், "நான் போவலைங்க மாமா" என்றாள்.

"ஏன்?"

"அத்தை எனக்குத் துணி எடுத்து வெச்சிருக்குதுன்னு அத்தை மக சொல்லுச்சுங்க. பாவாடை இல்லீங்க மாமா. சேலை."

பாவாத்தாள் எழுந்துவிட்டாள். "நல்லா இருக்குது மச்சான்! பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி நல்லா வாய் வளத்துறீங்க!"

"இன்னம் வளரலியே பாவாத்தா. சயின்ஸ் வகுப்புல ஊமையாத்தான் உக்கோந்திருக்கறா" என்றேன்.

சோறு தின்றுவிட்டுப் போ என்று எவ்வளவோ சொன்னேன். தின்னவில்லை. அவள் சாபம் கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பாள், நீ அங்கிருந்து பார்த்துக்கொள். ஒருவேளை அந்தச் சேலை அவளுக்கே எடுத்ததோ என்னமோ? அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் பிள்ளையை அனுப்பிவைத்து அதைச் சோதிக்க முடியுமா?

ஆக, ஈஸ்வரி இங்கேதான் படிக்கிறாள். நல்ல பள்ளிக்கூடமா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது. இப்போது சயின்ஸ் வகுப்பில் ராமசாமி சாரும் போய் நிற்கிறார். மாஷ் சொல்லச் சொல்ல இவர் தமிழாக்குகிறார். நான் பார்க்கிறபோது மட்டும் அப்படிச் செய்கிறார்களோ என்று, ஒருநாள் காலையில் போகிறேன், ஒருநாள் மத்தியானம் போகிறேன். பியூன் என்னைக் கண்டாலே, "இன்னைக்கு என்னங்க காணோம், ஆடா எருமையா?" என்கிறான். கேசவன் மாஷ் எந்த மாசம் மாற்றல் வாங்கிக்கொண்டு போவாரோ, அடுத்து யாரை அனுப்புவார்களோ? தமிழ் தெரிந்த சயின்ஸ் வாத்தியார் வேண்டும் என்று கேட்க, ஊரில் பத்துப் பேராகச் சேர்ந்து பாலக்காட்டு ஆபீஸுக்குப் போகப் போகிறோம். "நோக்காம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் இப்போதே சொல்கிறார்கள். பார்க்கலாம் என்று அர்த்தமாம். எதைப் பார்ப்பார்கள்?

போன வாரம் நான் ஜன்னலுக்கு வெளியே நின்றபோது, "சார், இது புரியலைங்க" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. குரல் தெரியாதா எனக்கு? மாஷுக்குக் கோபம் வருமோ என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போர்டை அழித்துவிட்டு முதலில் இருந்து எழுதினார்.

அம்மிணி, பத்தாவது முடிகிறவரைக்கும் இவள் கழுத்தில் யாரும் தாலி கட்ட விடமாட்டேன். 'நோக்காம்' என்றால், எப்போது நோக்குவீர்கள் என்று கேட்டு அந்த ஆபீஸ் வாசலிலேயே உட்காருவேன். இவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருகிற அன்றைக்கு, காரணம் கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. எழுதுகிறவளுக்கும் சேர்த்துத்தான்.

உன் மூத்தவன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
நாச்சிமுத்து