பதினொன்றில் பதினோராவது

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிரியந்தனின் அணி இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. நாற்பத்தொன்றுக்கு ஆறு. பாவம் பெடியன், இந்த வருடந்தான் முதல்தடவையாகத் தொடக்கத்திலிருந்தே களத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

உடுப்புகளைத் தோய்க்கப் போட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தேன். ஒன்ராறியோப் பல்கலைக்கழக ஃபுட்போல் அணிகளைத் தரப்படுத்த நானே எழுதிய புரோகிராம், இது மூன்றாம் வருடம். காலால் உதைக்கிற ஃபுட்போல் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுகிற ஆட்டம். அக்காவின் மகன் பிரியந்தன் ஆடப் போயிருக்காவிட்டால் எனக்கு இதன் விதிகூடத் தெரிந்திருக்காது.

போன வருடங்களில், பருவத் தொடக்கத்தில் முந்திய வருடத்துப் பலத்தையும் கொஞ்சம் கலந்துவிடுவேன். ஓரிரு ஆட்டத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக. இந்த முறை அதைத் தூக்கிவிட்டேன். பழைய புகழ் எதற்கு, இந்த வருடம் ஆடியது மட்டும் பேசட்டும். கேட்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது.

பிரியந்தனின் அணி பதினொன்றில் பதினோராவது. ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில், உண்மையில் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று ஒரு வீச்சும் வரும். இரண்டே ஆட்டம் என்பதால் இவர்களுக்கு அது மூன்றிலிருந்து பதினொன்று வரை கிடக்கிறது. அதையும் போட்டால் படம் வடிவாக இல்லை. வெட்டிவிட்டேன். நாளைக்கு அக்கா வீட்டில் காட்டலாம்.

செப்டெம்பர் 1, திங்கள்

தொழிலாளர் தின லீவு. பிக்கரிங்கில் பேபி அக்கா வீட்டுக் கொல்லையில் பாபிகியூ. வழமையான ஆட்கள், வழமையான கதை: வீட்டு விலை, வட்டி, எவரின் பிள்ளை எங்கே படிக்கிறது. என்னைக் கண்டால் "இன்னும் வோபர்ன் அப்பார்ட்மெண்டிலதானோ?" என்பதைத் தாண்டி ஒருவருக்கும் கேள்வி வராது. விவாகரத்தானவளிடம் வேறு என்னத்தைக் கேட்பது என்று நினைப்பார்கள் போலும்.

இன்றைக்குத் தியாகலிங்கம் அங்கிள் பிரியந்தனின் அணியைப் பற்றிக் கேட்டார். நான் போனில் படத்தைக் காட்டினேன். கதிரைகள் என் பக்கம் திரும்பின. எத்தனை வருடத்துக்குப் பிறகு.

அத்தான் இறைச்சியைத் திருப்பிக்கொண்டே, "அப்ப உவங்கள் எத்தினையாம் பிள்ளை?" என்றார். யாழ்ப்பாணத்தில் படித்த மனிதருக்கு எந்த வரிசையைக் கண்டாலும் அது வகுப்பு ரிப்போர்ட்தான். அவர் பத்தாம் வகுப்புவரை முதலாம் பிள்ளையாம், அதை அக்காவுக்கு இன்றுவரை சொல்கிறார்.

"பதினொண்டில பதினோராம் பிள்ளை, அத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கிள் மட்டும், "ரெண்டு மட்ச்தானே பிள்ளை முடிஞ்சிருக்கு, அதுக்குள்ள உது எப்பிடிச் சொல்லும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் என்ன சொன்னேன்? "கொம்பியூட்டருக்கு மருமோனும் இல்லை, மச்சானும் இல்லை அங்கிள். உள்ளதைத்தான் சொல்லும்."

திரும்பவும் சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்லவேணும். பிரியந்தன் கதவடியில் தட்டோடு நின்றான். அவனும் சிரித்தான்.

செப்டெம்பர் 3, புதன்

பிரியந்தன் கம்பஸிலிருந்து போன் எடுத்தான். தரவரிசையைப் பற்றிக் கேட்டான், விளக்கினேன். பத்து நிமிடம் நன்றாகக் கதைத்தோம்.

செப்டெம்பர் 6, சனி

பிரியந்தன் ஃபுட்போலை விட்டுவிட்டான்.

அக்கா காலையில் எடுத்துச் சொன்னாள். வியாழக்கிழமை ஹெல்மெட்டையும் மற்றச் சாமானையும் கோச்சிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். "ஏனடா எண்டு கேட்டா, படிப்பு எண்டுறான். அப்பாவும் மோனும் கராஜுக்குள்ள நிண்டு கனநேரம் கதைச்சவை. என்ன கதைச்சவை எண்டு எனக்கு ஒண்டும் சொல்லேல்ல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பதினோராம் பிள்ளை என்ற சொல் அத்தானைக் குத்தியிருக்கும். கடைசியாக வருகிற அணிக்காக உடம்பை உடைக்காதே, புத்தகத்தை எடு என்று சொல்லியிருப்பார். இந்த மனிசனுக்கு எல்லாம் மார்க்ஸ்தான். ஒரு பெடியன் பதினைந்து வயசில இருந்து குளிர் மழை எண்டு பாக்காம ஓடி ஓடி ஒரு இடத்துக்கு வந்திருக்கிறான், அதை ஒரு நம்பரைப் பாத்து—

நம்பரைக் கொடுத்தது ஆர்?

செப்டெம்பர் 9, செவ்வாய்

மார்க்கம் ஒஃபிஸ். கிருஷ்ணவேணி புதுக் காப்புறுதித் திட்டத்துக்கு ஒரு அறிக்கை கொண்டுவந்தாள். சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம், கெட்டிக்காரி. இரண்டு மாத விபத்துக் கணக்கை வைத்து வருடம் முழுவதற்கும் விலை சொல்லியிருந்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டு மாசத்துலயே தெளிவாத்தான தெரியுது நிலாணி" என்றாள்.

"தெளிவாத் தெரியுற மாதிரித்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. எவ்வளவு பிழை வரலாம் எண்டதையும் பக்கத்தில போடாம இதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

பெரிய வாத்தியார். அவள் போனபிறகுதான் உறைத்தது. சம்பளம் வாங்குகிற இடத்தில் செய்யாத வேலையை, சொந்தக்காரருக்கு முன்னால் கதிரை திரும்புவதற்காகச் செய்திருக்கிறேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வென்றுவிட்டார்கள். ஒன்பதாம் இடம். நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, இன்னும் இரண்டு கிழமை போனால் கணினியே திருத்திச் சொல்லிவிடும். அத்தானும் கண்ணால் பார்ப்பார். பெடியனும் திரும்பிப் போகலாம்.

செப்டெம்பர் 17, புதன்

உனக்காக ஒரு புரோகிராம் மன்னிப்புக் கேட்கவேணுமா, நிலாணி? வாய் இல்லையா உனக்கு?

நாளைக்கு அத்தானோடு கதைக்கிறேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

கதைக்கவில்லை. வேலை அதிகம்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

தொடர்ந்து மூன்று வெற்றி. நான்காம் இடம். எங்களை முதலில் அடித்த இரண்டு அணியும் இப்போது முதலாவதும் இரண்டாவதும். பிரியந்தனின் அணி தோற்றது வல்லவர்களிடம். அவர்கள் வல்லவர்கள் என்று அப்போது கணினிக்குத் தெரியாது, அவர்களும் இரண்டே ஆட்டம் ஆடியிருந்தார்கள். யார் யாரை வென்றார் என்பதைக் கோர்த்துக் கோர்த்துத்தான் அது பலத்தை அளக்கும். கோர்க்கிறதுக்கு அன்றைக்கு ஒன்றுமே இருக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் புதுசா? மூன்று வருடமாகத் தெரியும்.

புதுப் படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். "நாலாம் பிள்ளை!" என்று எழுதி ஒரு சிரிப்பு முகமும் வைத்தேன். இதுதான் நான் கேட்ட மன்னிப்பு. ஒரு மஞ்சள் முகம்.

பின்னேரம் பிரியந்தன் பதில் போட்டிருந்தான். "நான் விலகினாப் பிறகுதானே ஏறியிருக்கிறாங்கள் சித்தி. கொம்பியூட்டர் ஸ்மார்ட்."

அவனும் ஒரு சிரிப்பு முகம் வைத்திருந்தான்.

செப்டெம்பர் 29, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

தான் இருந்ததாலதான் தோத்தது எண்டு நினைக்கிறான். என்ர பிள்ளை. நான் தூக்கி வளத்த பிள்ளை. படத்தைப் போடாம இருந்திருந்தா, ஃபுட்போல் போனதோட போயிருக்கும். இப்ப அந்த நினைப்பையும் சேத்துக் குடுத்திட்டன். எனக்கு வெக்கமா இருக்கு. அக்கான்ர நம்பர் ரெண்டுதரம் அடிச்சது, எடுக்கேல்ல.

அக்டோபர் 1, புதன்

அக்கா வீட்டில் சரஸ்வதி பூசை. சொல்லவென்று போனேன், கடலை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

நன்றி நவிலும் நாள். அக்கா வான்கோழியைக் கறித்தூளில் பிரட்டி ஓவனில் வைத்திருந்தாள். தியாகலிங்கம் அங்கிள் உட்பட அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். பிரியந்தன் வரவில்லை, பரீட்சையாம்.

சாப்பாடு முடிகிற நேரம் சொன்னேன். நல்லாய்ச் சொல்லவில்லை. "நான் அண்டைக்குக் காட்டின வரிசை பிழை. ரெண்டு மட்ச்சை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. அது எனக்குத் தெரியும். மூண்டாம் இடமாயும் இருக்கலாம் எண்டு கொம்பியூட்டரே சொன்னது, நான் அதை வெட்டிப்போட்டுக் காட்டினனான். பிரியந்தன் இருந்ததால தோக்கவும் இல்லை, விலகினதால வெல்லவும் இல்லை." அங்கிளைப் பார்த்து, "நீங்கள் கேட்டது சரியான கேள்வி அங்கிள்" என்றும் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள், வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அத்தான், நீங்களும் அதைப் பாத்து அவனை விடச் சொல்லியிருக்கக்கூடாது" என்றேன்.

அத்தான் கையைத் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் விடச் சொல்லேல்ல நிலாணி. கராஜுக்குள்ள அவனை மறிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான். சாமானைத் திருப்பி வாங்கு, நாலு நாள் பொறுத்து முடிவெடடா எண்டு கெஞ்சினனான். அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? 'சித்தியிட்டக் கேட்டிட்டன் அப்பா. சித்தி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.'"

இந்த ஐந்து கிழமையும் நான் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்த மனிதர்.

செப்டெம்பர் 3-ஐத் திருப்பிப் பார்த்தேன். "விளக்கினேன், நன்றாகக் கதைத்தோம்." எனக்கு நானே எழுதுகிற இடத்திலும் முழுதாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அவன் கேட்டது இது: "ரெண்டு மட்ச்தானே சித்தி, மாறும்தானே? இந்த வருசம் இதுக்குக் குடுக்கிறது வேர்த் இட்டா, இல்லாட்டி நான் எக்ஸாமுக்குப் படிக்கட்டா?" நான் சொன்னது: "பெரிசா மாறாது ராசா."

மாறும் என்று தெரியும். ஆனால் மாறும் என்று சொன்னால், இரண்டு நாளுக்கு முன் எல்லோருக்கும் முன்னால் நான் அளந்தது வெறும் அளப்பு என்று ஆகிவிடும். அதற்காக, கேட்டவனுக்குப் பொய் சொன்னேன். முதலாம் வருடம் புள்ளிவிபரப் பாடத்தில் தடக்குப்பட்டபோது அவனை மேசையில் இருத்தி, கொஞ்சத் தரவை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அவனுக்கு அது தெரிந்துதான் கேட்டிருக்கிறான். தன் அறிவைவிட என் சொல்லை நம்பினான்.

அக்டோபர் 16, வியாழன்

போனில் சொன்னேன், முழுவதும். வெட்டியதையும், தெரிந்துகொண்டே சொன்னதையும்.

"இட்ஸ் ஓகே சித்தி" என்றான். பிறகு கிளாஸ் இருக்கு என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 22, புதன்

அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால், பரவாயில்லை என்று இன்னொருதரம் அவனைச் சொல்லவைப்பதற்காகத்தான் எடுப்பேன்.

நவம்பர் 1, சனி

நேற்று அவனாகவே எழுதினான். "செமி ஃபைனல் பாக்கப் போறன். வாறீங்களோ?"

ஒரு மணித்தியாலம் மேற்கே கார் ஓட்டிப் போனேன். சரியான குளிர். அவன் வாசலில் இரண்டு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். மெலிந்திருந்தான், அல்லது அந்தப் பெரிய தோள்பட்டைச் சாமான் இல்லாமல் நான் பார்த்து நாளாயிற்று. அவன் நின்று ஆடிய இடத்தில் வேறொரு பெடியன் ஆடினான். பிரியந்தன் அவனைக் குறை சொல்லவில்லை. பந்து நகருமுன்னமே "இடப்பக்கம் வருவாங்கள் பாருங்கோ" என்று மெல்லச் சொல்வான், அங்கேதான் வரும். ஒருதரம் அந்தப் பெடியன் பிந்திவிட்டான், பிரியந்தன் இருக்கையிலிருந்து பாதி எழும்பிவிட்டுத் திரும்ப இருந்தான். நான் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கால்பகுதியில் ஏழு புள்ளி பின்னுக்கு நின்றார்கள். அவன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கதைத்தான். "கோச்சோட கதைச்சனான். ஏப்ரல்ல வந்து ட்ரை பண்ணிப் பார் எண்டவர். பிரொமிஸ் ஒண்டும் இல்லையாம்." கொஞ்சம் பொறுத்து, "என்னை எடுப்பினமோ சித்தி?" என்றான்.

கட்டாயம் எடுப்பார்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. எந்தச் சித்தியும் அதைத்தான் சொல்வாள், எனக்கும் சொல்ல ஆசை. அவனுக்குப் பதிலாக ஆடுகிறவன் அடுத்த வருடமும் இருக்கிறான், இவன் எட்டு மாதம் ஆடாமல் போய் நிற்பான். எடுக்கவும் கூடும். எனக்கு என்ன தெரியும்.

"தெரியாது ராசா" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கனநாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தான்.

"அண்டைக்கும் இதையே சொல்லியிருக்கலாம் சித்தி."

கோபமாகச் சொல்லவில்லை.

"ஓம்" என்றேன். அவன் திரும்பவும் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினான், நானும் பார்த்தேன்.