எக்ஸ்றேயில் தெரிந்த புறா

வைலே,
14.06.2009

என் அன்பு அத்தானுக்கு,

மடுமாதா உங்களை அணைத்துக் காக்க வேண்டுமென்று கேட்டபடி புஷ்பராணி எழுதுவது. நானும் மகள் ஸ்ரெபானியும் சுகம். முகாம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் சுவாமியார் இதை உங்கள் கையில் தருவதாகச் சொன்னார்.

என் இடுப்பு மூட்டை மாற்றிவிட்டார்கள். நீங்கள் வந்த பிறகுதான் ஒப்பரேசன் என்று பிடிவாதமாக இருந்தேன். மாமியைப் பார்த்துவிட்டு மூன்று கிழமையில் வருகிறேன் என்று போன மனுசன், பாதை பூட்டி, சண்டை முடியும்வரை வன்னியில் அகப்பட்டுக் கிடப்பார் என்று யார் கண்டது? படியேற முடியாமல் போனதும் ஸ்ரெபானி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே ஒரு குழப்படி செய்தேன், கோபிக்காதீர்கள். ஒப்பரேசன் நடக்கும்போதே எக்ஸ்றே எடுத்துப் பார்ப்போம், உடம்பில் நகை ஒன்றும் இருக்கக்கூடாது என்று நேர்ஸ் சொன்னா. தாலிக்கொடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். ஆனால் சண்டை முடிந்தும் உங்களைப் பற்றி ஒரு சேதியும் வராத நாட்கள் அவை. தாலி இல்லாமல் எப்படிப் படுப்பேன்? நீங்கள் கட்டிய புறா உருவத் தாலியை மட்டும் எடுத்து, தொப்புளுக்குக் கீழே வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். கேட்டதற்குச் சின்னக் காயம் என்றேன்.

இடுப்புக்குக் கீழேதான் விறைப்பு ஊசி. எனக்கு எல்லாம் கேட்டது. புது மூட்டு சரியாகப் பொருந்துகிறதா, இரண்டு காலும் ஒரே நீளமா என்று பார்க்க டொக்டர் படம் எடுத்தார். தலையைத் திருப்பினேன். திரையில் என் எலும்புகளுக்கு நடுவே ஒரு குட்டிப் புறா! எல்லோரும் திரையைக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே எதையோ விட்டுவிட்டோமோ என்று அவர்களுக்குப் பயம். என்ன அது என்று டொக்டர் கேட்டார். பதற்றத்தில் தெரிந்த டெனிஷ் பாஷையும் பாதி மறந்துபோனது. என் மனுசன் என்ற இரண்டு சொல்தான் டெனிஷில் வாயில் வந்தது.

டொக்டர் சிரித்துவிட்டார். சரி, அவர் அங்கேயே இருக்கட்டும், மூட்டை மறைக்கவில்லை என்று சொல்லி, இன்னுமொரு படம் எடுத்துப் பார்த்து வேலையை முடித்தார். பிறகு நேர்ஸ் பிளாஸ்டரை உரித்து, தாலியைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தா. ஏசவில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சுவாமியார் போன் எடுத்தார். ஓம் பிள்ளை, அல்பேட் உயிரோட இருக்கிறார் என்றார். உங்கள் காலில் செல் குண்டு பட்டதாம். எந்தக் கால், இப்போது எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். செபம் சொல்லுவம் பிள்ளை என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஸ்ரெபானி டெனிஷில் அதட்டி அதட்டி என்னை நடத்துகிறாள். ஆஸ்பத்திரியில் தந்த ஊன்றுகோல்கள் எனக்கு இனி அதிக நாள் தேவையில்லை. நேற்று அவள் வேலைக்குப் போன நேரம், அவற்றை உங்கள் உயரத்துக்கு நீட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது.

எப்படி இருந்தாலும் வாருங்கள், அத்தான். என் இரண்டு காலும் இப்போது ஒரே நீளம் என்று டொக்டரே பார்த்துச் சொல்லிவிட்டார். நம் இருவருக்கும் அந்த இரண்டு கால் போதும்.

தாலியை மறுபடி கொடியில் கோத்துப் போட்டிருக்கும்,
உங்கள் புஷ்பம்