இடப்பக்கம் விட்ட இடம்

1910 நவம்பர் 7, திங்கள்

என்னுடைய நாற்பது பெட்டி புல்தைலத்தை ஜெர்மன் வியாபாரி பிராண்ட் துரை இன்று சோதிக்கத் தொடங்கினான். தைக்காட்டில் அவன் வாடகைக்கு எடுத்திருக்கும் பங்களாவில் வைத்து. பெட்டிக்கு ஒரு போத்தல். தைலத்தைக் கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவையில் விட்டு, ஏதோ உப்புநீர் சேர்த்து, வெந்நீரில் வைத்துக் குலுக்குகிறான். கரைந்தது சத்து, கரையாமல் கழுத்தில் ஏறி நிற்பது சக்கை. நூற்றுக்கு எழுபது சத்து இருந்தால்தான் எடுப்பானாம். எடுக்காவிட்டால் ஆரியசாலைக் கடையைப் பூட்ட வேண்டியதுதான். கல்லாற்றில் எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சித் தைலம் வாற்றுகிறவர்களுக்கு முன்பணம் கொடுக்க வீட்டை ஈடு வைத்திருக்கிறேன்.

துரை அவன் பாஷையில் எண்ணைச் சொல்கிறான். அவன் மனைவி எழுதுகிறாள். ஒரு சங்கதி கண்ணில் பட்டது. மதாம்மா வலப்பக்க எண்ணை முதலில் எழுதுகிறாள். இடப்பக்கம் இடம் விடுகிறாள். பிறகு வந்து அதை நிரப்புகிறாள்.

எண்ணுக்கு இடப்பக்கம் இடம் விடுகிறவன் எதற்காக விடுகிறான் என்று எனக்குத் தெரியாதா? சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான்.

நவம்பர் 8

மதாம்மா நாலு என்று எழுதி இடம் விட்டாள். பென்சிலை வாங்கி, நாலுக்கு முன்னால் ஒட்டி ஒரு கோடு இழுத்தேன். இனி யாரும் எதையும் சேர்க்க முடியாது. நம் கடை வழக்கம் அது. மதாம்மா என்னைப் பார்த்தாள், பிறகு துரையைப் பார்த்தாள். துரை தெரிந்த மலையாளத்தில், போதுமா என்று கேட்டான்: "நூற்றில் நாலு மதியோ?"

குடுவையில் இருந்தது எழுபத்துநாலு. எழுபதை நானே வெட்டியிருக்கிறேன். கோட்டை அழித்துத் திருத்தினார்கள்.

அவமானம்தான். ஆனாலும் ஏன் பின்னாலிருந்து எழுத வேண்டும்?

நவம்பர் 9

துரைக்குத் தலைவலி, சோதனை இல்லை. பங்களாச் சமையல்காரன் யோசுவா மங்களூரில் ஜெர்மன் பாதிரிமார் வீட்டில் இருந்தவன். அரை ராத்தல் நல்லமிளகு கொடுத்து விசாரித்தேன்.

"அவுங்க எண்ணுத விதமே அப்படித்தான் முதலாளி. எழுபத்தி நாலுன்னு சொல்ல மாட்டாங்க. நாலும் எழுபதும்பாங்க. ஃபீர் உண்ட் ஸீப்ஸிக். காதுல முதல்ல விழுத நாலை எழுதிட்டு, எழுபதுக்கு இடம் போட்டு வைக்குது அந்தம்மா."

"நூறு வந்தா?"

"நூறு முன்ன வரும். பின்ன நாலு. அதுக்கும் பின்ன எழுபது."

"தலை, கால், அப்புறம் வயிறு."

"நான் போடுத சோறு நேரா வயித்துக்குத்தான் போவுது முதலாளி."

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தனிப்பேராம். பதின்மூன்றிலிருந்து இந்தக் கூத்து. இங்கிலீஷ்காரனும் பத்தொன்பது வரை சின்னதை முன்னால் சொல்கிறவன்தான், இருபதில் திருந்திவிட்டான். இவன் தொண்ணூற்றொன்பது வரை திருந்தவில்லை. நாம் மட்டும் என்ன — தொண்ணூறுக்குப் பேர் வைக்க நூறைக் கூப்பிட்டவர்கள்.

யோசுவாவை நம்பலாமா? அவன் அந்த வீட்டுச் சம்பளக்காரன். எல்லா எண்ணுக்கும் அவர்கள் சொல்லும் பேரைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 10

மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு துரை சொல்வதையும் மதாம்மா எழுதுவதையும் ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவு சரியாக இருப்பதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரி தங்கபாய் சொல்கிறாள்: "தொரை மேல சந்தேகம், மதாம்மா மேல சந்தேகம், குசினிக்காரன் மேல சந்தேகம். எங்கிட்ட மட்டும் என்னத்துக்குக் கல்லாச் சாவியத் தாரீங்க?"

நவம்பர் 11

முப்பத்துமூன்று பெட்டி தேறியது. அடுத்ததற்குத் துரை "ஸீபன் உண்ட் ஃப்யூன்ஃப்ஸிக்" என்றான். ஏழும் ஐம்பதும்.

அகப்பட்டான் என்று நினைத்தேன். எழுபத்தைந்து இருக்கும், புரட்டுகிறான். குடுவையை நானே பார்க்க வேண்டும் என்றேன். துரை கோபப்படவில்லை, நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான். கழுத்துக் கோடுகளை விரல் வைத்து எண்ணினேன். சக்கை நாற்பத்துமூன்று. மீண்டும் எண்ணினேன். நாற்பத்துமூன்றுதான். சத்து ஐம்பத்தேழு.

மதாம்மா ஏழு எழுதி, இடம் விட்டு, ஐந்து எழுதினாள். நான் பென்சிலைக் கேட்கவில்லை.

கடைசி ஏழு பெட்டியும் அதே கதி. ஏழும் கல்லாற்றிலிருந்து ஒரே வண்டியில் வந்தவை. வாங்கி அடைத்து அரக்கு வைத்தது நேசமணி. தங்கபாயின் தம்பி.

நவம்பர் 12

அந்தத் தைலத்தில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு வெயிலில் வைத்தேன். புல்தைலம் என்றால் பறந்துவிடும். மத்தியானம் தாண்டியும் கறை போகவில்லை. தேங்காயெண்ணெய்.

பெட்டி வந்த அன்றே இதைச் செய்திருக்கலாம். அரக்கில் நேசமணியின் முத்திரை இருந்தது, செய்யவில்லை. இன்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தைலம் வாத்துதவன் கலந்திருப்பான் அத்தான்."

"ஏழு பெட்டியிலயுமா? ஒரே அளவுலயா?"

தங்கபாய்தான் கேட்டாள்: "தைலத்துக்குக் குடுத்த பணத்துல எவ்வளவுலே எடுத்தே?"

"அறுபது ரூவா, அக்கா."

"கேட்டா அத்தான் தந்திருப்பாரே."

"தந்திருக்க மாட்டாரு."

அது உண்மை. தந்திருக்க மாட்டேன்.

நவம்பர் 14, திங்கள்

ஏழு பெட்டியில் என்ன கலந்தது என்று துரையிடம் நானே சொன்னேன். அந்த ஏழு பெட்டியைத் தனியே ஒதுக்கினார். பிறகு முப்பத்துமூன்று பெட்டியை, டஜன் போத்தலுக்கு இருபத்தாறு பிரிட்டிஷ் ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு தப்பியது.

கல்லாற்றுக்கு இனி நான் போகிறேன். நேசமணி என் கண்முன்னால் கடையில் இருப்பான். மாதம் ஒன்பது ரூபாய், சாப்பாடு நம் வீட்டில். அறுபது தீரும்வரை மாதம் மூன்று ரூபாய் பிடித்தம் என்றேன். தங்கபாய் இரண்டு என்றாள். இரண்டு.