இரண்டாம் பீப்பாய்

ஜூலை 8, புதன்

காலையிலிருந்து சாரல், மேல்காற்று. கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை.

பெங்களூரிலிருந்து தம்பி பிரபு அனுப்பிய பாட்டில் வந்தது. லேபிள் கிடையாது. பிளாஸ்திரியில் 'பீப்பாய் 2' என்று அவன் கிறுக்கல். பிரவுன் ஏல், பீரில் ஒரு வகை. சாதா பீரைவிடக் காட்டம் அதிகம், மரப்பீப்பாயில் எட்டு மாதம் கிடந்தது. ஒரு சின்ன பீர் தயாரிப்பு இடத்தில் அவனுக்கு வேலை. எனக்குப் பீளமேட்டில் தேயிலை ருசி பார்க்கும் வேலை. கரண்டியில் உறிஞ்ச வேண்டும், நாக்கில் புரட்ட வேண்டும், துப்ப வேண்டும். பதினோரு வருடமாக இதுதான்.

போனில் பிரபு: "அக்கா, ஒரு மாசமா எனக்கு வாசமே தெரியறதில்லீங்க. சளி புடிச்சதுல போனது இன்னும் திரும்பலை. மொதலாளிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாரு. மாமாகிட்டக்கூடச் சொல்லிப்போடாதீங்க."

வெள்ளி ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் சரி என்றால் இதை முதல் பீப்பாயோடு டேங்கில் கலப்பான். கெட்டிருந்தால் இதை மட்டும் கொட்டிவிடலாம். கலந்தபின் பிரிக்க முடியாது.

பிரபு ருசி பார்க்கச் சொன்னான் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஜூலை 9, வியாழன்

வெங்காயம், மிளகாய், பூண்டு மூன்றும் நிறுத்தம். இரண்டு வேளையும் தயிர்சோறு. பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. பாட்டில் பீரோவில், புடவைக்கு அடியில். குளிரக்கூடாது. குளிர்ந்தால் குறை தெரியாது.

அவர் அவருடைய அக்காவிடம் போனில்: "எங்கூட்டு அம்மணி பீர் குடிக்கறதுக்கு விரதம் இருக்கறாங்க!" நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கேஸ் புக் செய்ய வேண்டும். மறந்தேன்.

ஜூலை 10, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறு மணிக்கு வந்தால் வாசலில் கார். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர், வீட்டுக்காரரிடம் பம்ப் வாங்குபவர். டீப்பாய் மேல் சில்லி சிக்கன், ஐஸ் கட்டி, எவர்சில்வர் டம்ளர்கள். நடுவில் என் பாட்டில். காலி. மத்தியானமே இவர் ஃப்ரீசரில் வைத்தாராம்.

"ஏனுங்க, அது எனக்கு வந்ததுங்க."

"ஊட்டுக்கு வந்தவங்களை சும்மா அனுப்பறதா? நீ என்ன, துப்பத்தானே போற?"

விருந்தாளி எழுந்தே நின்றுவிட்டார். "அமிர்தமாட்ட இருக்குதுங்க அம்மணி. தம்பி கெட்டிக்காரருங்க."

விருந்தாளி போனபின் டம்ளர்களை ஒதுக்கினேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு டம்ளர். நிறைய. தொண்டை சரியில்லை, ஐஸ் வேண்டாம் என்றாராம். ஒரு மிடறோடு ஒளித்துவைத்துவிட்டு அமிர்தம் என்றிருக்கிறார், அந்த மகாமரியாதைக்காரர்!

நல்லவேளை, குளிர் விட்டிருந்தது. கரண்டியில் எடுத்தேன். முதலில் காய்ந்த திராட்சை, லேசாகக் கருகிய வெல்லப்பாகு. பிறகு மரம், இழைப்புளி போட்ட பலகையின் வாசம். அழகாகச் செய்திருக்கிறான், கண் கலங்கியது. துப்பினேன். துப்பியபின் தொண்டை ஓரத்தில் சுருக்கென்று காடி, வினிகர் புளிப்பு. மறுபடி எடுத்தேன். காடியேதான். பீப்பாய்க்குள் காற்றுப் போயிருக்கிறது.

பிரபுவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். இவர்: "எதுக்கு? பிரபு மாப்பிள்ளைக்கு நான் அப்பவே மெசேஜ் போட்டு உட்டுட்டனே. அக்கா சூப்பர்னு சொல்லிட்டாங்கன்னு."

"நான் எப்பங்க சொன்னேன்?"

"நாங்க ரெண்டு பேரு குடிச்சுப் பாத்து நல்லாருக்குதுன்னா, நீ மட்டும் வேறயா சொல்லப்போற?"

பதினோரு வருடம்! தேயிலையில் ஒரு நாள் ஈரம் பட்டிருந்தால்கூடச் சொல்லிவிடும் நாக்கு இது. அதன் பேரில் இவர் சில்லி சிக்கன் தின்ற வாயால் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

பிரபு எடுத்தான். பின்னால் மோட்டார் சத்தம். "கலந்தாச்சுங்கக்கா, அரை மணி நேரமாச்சு. ஏங்க்கா?"

சொன்னேன். மோட்டாரை நிறுத்தினான்.

அவன் ரகசியத்தைக் காப்பாற்றினேனே, அதைச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் பாட்டிலைத் தொட்டிருக்கமாட்டார். என்னையும் நாலு அறை அறைய வேண்டும்.

ஜூலை 11, சனி

வெயில். துணி காய்ந்தது.

பத்தரைக்குப் பிரபு போன். காலையில் முதலாளி டேங்கில் பிடித்துக் குடித்திருக்கிறார். உனக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டாராம். மூக்கைப் பற்றி இவன் சொல்லிவிட்டான். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான்.

"பரவால்லீங்கக்கா. மாமாவை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

பரவாயில்லையாம். எல்லோருக்கும் எல்லாம் பரவாயில்லை, எல்லாம் அமிர்தம். கத்த வேண்டும்போல இருந்தது. சோறு வடித்தேன்.

அவர் சாப்பிட உட்கார்ந்தார். "பல்லடத்துக்காரரு போன் பண்ணுனாரு அம்மணி. ரொம்ப நல்லாருந்துச்சாமா. மாப்பிள்ளைகிட்ட இன்னும் ரெண்டு பாட்டில் சொல்லேன்."

நேற்று மீந்ததோடு மூடிவைத்திருந்த டம்ளரை எடுத்துவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "குடிங்க."

குடித்தார். கண் சுருங்கியது. என்னைப் பார்த்தார், விழுங்கினார்.

"நல்லாத்தான இருக்குது."

"வேலை போச்சுங்க," என்றேன்.

"யாருக்கு?"